யாருமில்லை என்றால் சித்தப்பா

அலுவிகாரை,
மாத்தளை.
2025.06.19

அக்காவின் மூத்த மகனும், உலகத்துக் கம்பியூட்டர்களின் அடிவயிற்றில் கைவைக்கும் உத்தியோகத்தில் இருப்பவனுமாகிய சஜீவனுக்கு, சித்தி ஞானாம்பிகை ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் என்னோடு ஒத்துழைக்கவில்லை. அங்கே ஜெர்மனியில் நீயும் நிலக்ஷியும் பிள்ளையும் குளிர், காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று முத்துமாரி அம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். சம்பிரதாயம் முடிந்தது, இனித் திட்டப்போகிறேன். வாட்ஸ்அப்பில் திட்டினால் நீ கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறாய். சென்ற மாதம் நான் ஏழு செய்தி எழுதினேன், ஏழு கட்டைவிரல் வந்தது. முப்பத்தொரு வருஷம் பெண்பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்த ஒருத்திக்குக் கட்டைவிரலைக் காட்டினால் அவள் பதிவுத் தபாலில்தான் வருவாள். அதோடு, இந்த விஷயத்தை வீட்டுக்குள் வாய்விட்டுப் பேச எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது. பேசினால் யார் காதில் விழும் என்று தெரியவில்லை. எழுத்து என்றால் பரவாயில்லை, உன் சித்தப்பாவுக்குக் கண்ணாடி இல்லாமல் வாசிக்க வராது, கண்ணாடி என் அலுமாரியில் இருக்கிறது.

உனக்குத் தெரிந்த கதையையே முதலிலிருந்து எழுதுகிறேன், ஏனென்றால் நீ அதை மறந்துபோனாய் என்பதுதான் என் முறைப்பாடு. எங்கள் வீடு ரோட்டுக்கு மேலே உயரத்தில் இருக்கிறது. வாசல் கேற் கீழே, குசினி மேலே, தம்புள்ளைக்கு மரக்கறி கொண்டுபோகிற லொறிகள் நடுவே. கேற்றை யார் ஆட்டினாலும் எனக்குக் கேட்காது. ஆகவே உன் சித்தப்பா இராஜசிங்கம், பென்ஷன் எடுத்த மறுநாளே, சாமான் அறையில் ஒரு பழைய கம்பியூட்டரை வைத்து, கேற் தூணில் அட்டை வாசிக்கிற ஒரு பெட்டியைப் பூட்டி, தன் கையாலேயே ஒரு புரோகிராம் எழுதினார். கேற்றில் யாராவது கைவைத்தால் பெட்டி விழித்துக்கொள்ளும். உடனே புரோகிராம், கம்பியூட்டருக்கு அடியில் இருந்துகொண்டு எல்லாருடைய கேள்விக்கும் பதில் சொல்கிறதே, நீ வேலை செய்கிற அந்தக் கேர்னல், அதைப் பார்த்து "கேற்றடியில் யார்?" என்று கேட்கும். வந்தவர் அட்டையை வைத்திருந்தால் கேர்னல் அட்டையின் இலக்கத்தைச் சொல்லும், புரோகிராம் அந்த இலக்கத்துக்குரிய ஆளின் குரலைக் குசினியிலும் ஹோலிலும் போடும், நான் குசினிச் சுவரில் இருக்கிற சுவிட்சை அமத்துவேன், கீழே பூட்டுத் திறக்கும். தானாகவே திறக்கிற மாதிரிச் செய்தால் என்ன என்று கேட்டேன். "யாரு வந்தாங்கன்னு சொல்றது மெஷினோட வேலை. உள்ள விடுறதா இல்லையாங்கிறது உன்னோட வேலை ஞானம்" என்றார்.

குரல்களையும் அவரவர் வாயாலேயே பதிந்து வைத்திருந்தார். பக்கத்து வீட்டு ஜெஸீமா அட்டையை வைத்தால் "டீச்சர், நான் ஜெஸீமா வந்திருக்கேன்" என்று கேட்கும். மீன்காரர் லாபிர் வைத்தால் "பாரை இருக்கு, கெலவல்லா இருக்கு" என்று கேட்கும், அவரிடம் வெறும் சாளை மட்டும் இருக்கிற நாளிலும் அதேதான். சித்தப்பா வைத்தால், "ஞானம், நான்தான். திற." இலக்கம் கொடுக்கும்போது எனக்கு ஒன்று, மகள் வித்தியாவுக்கு இரண்டு, ஜெஸீமாவுக்கு மூன்று, லாபிருக்கு நான்கு என்று வைத்துவிட்டுத் தனக்குப் பூச்சியம் வைத்துக்கொண்டார். கம்பியூட்டர்காரர்கள் பூச்சியத்திலிருந்துதான் எண்ணுவார்களாம், வீட்டில் முதல் ஆள் அவராம். பூச்சியத்தை முதல் என்று சொல்கிற மனுஷரோடு ஒரு கணித டீச்சர் எவ்வளவு நேரம் வாதாடுவாள்? இரண்டு நாள் வாதாடினேன்.

இனி உன்னுடைய பங்கு. அட்டை இல்லாத ஒருவர் கேற்றை ஆட்டினால் கேர்னல் "பூச்சியம்", அதாவது வாசிக்க ஒன்றுமில்லை, என்று சொல்லவேண்டும் என்று உங்கள் புத்தகத்தில் இருக்கிறதாம். ஆனால் எந்தக் காலத்திலோ எவனோ விட்ட பிழையால் அது "சய ஒன்று", மைனஸ் வன், என்று சொல்லிக்கொண்டு இருந்தது. உன் சித்தப்பா புத்தகத்தைப் பார்க்கவில்லை. கேற்றை ஆட்டிவிட்டுக் கேர்னல் என்ன சொல்கிறது என்று பார்த்தார், மைனஸ் வன் என்றது. சரி, மைனஸ் வன் என்றால் யாருமில்லை என்று வைத்துக்கொண்டார். யாருமில்லை என்றால் சத்தம் போடாதே, பதிவேட்டில் "யாருமில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தூங்கு என்பது அந்தப் புரோகிராமுக்கு அவர் இட்ட கட்டளை. உங்கள் பிழையின்மேல் அவர் தன் வீட்டைக் கட்டிக்கொண்டார், அது நன்றாகவும் ஓடியது.

நான்கு வருஷத்துக்கு முன் நீ அந்தப் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினாய், ஞாபகம் இருக்கிறதா? திருத்தம் எங்கள் மெஷினுக்குள் வந்த அன்று, காகம் கேற்றில் குந்தினாலும் கேர்னல் பூச்சியம் என்றது, பூச்சியம் சித்தப்பாவின் இலக்கம், ஆகவே புரோகிராம் "ஞானம், நான்தான். திற" என்றது. சித்தப்பா ஹோலில் உட்கார்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். தான் வெளியே நிற்பதாகத் தன் குரலே சொல்வதைக் கேட்டு, என்னைப் பார்த்தார், கேற்றைப் பார்த்தார், பிறகு தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்தார். உடனே உனக்கு நான்கு பக்கத்தில் ஒரு மெயில் எழுதினார். நீயும் இரண்டு கிழமையில் திருத்தத்தை வாபஸ் வாங்கிவிட்டுக் கோல் எடுத்தாய். "சித்தப்பா, எங்க வேலையில ஒரு சட்டம் இருக்கு. ஓடிக்கிட்டிருக்கிற ஒரு புரோகிராமை நாங்க உடைக்கக் கூடாது. பிழையாவே இருந்தாலும், உலகத்துல ஒரே ஒருத்தர் அதை நம்பி இருந்தா, அது பிழை இல்ல, நாங்க குடுத்த வாக்கு" என்று நீ சொன்னதை ஸ்பீக்கரில் போட்டு எனக்கும் கேட்கவைத்தார். மகன், அந்த ஒரே ஒருத்தர் தான்தான் என்று மாத்தளை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சலூனில் சொன்னார், பேங்க் வரிசையில் சொன்னார், ஒரு மரணவீட்டில்கூடச் சொன்னார். தன் ஒரு கேற்றுக்காக உலகத்துக் கம்பியூட்டர் எல்லாம் பிழையாக ஓடுகிறது என்பதில் அவருக்கு இருந்த சந்தோஷத்தை, எங்கள் கலியாணத்தன்றுகூட நான் அவர் முகத்தில் பார்க்கவில்லை.

போன ஐப்பசியில் அவர் பாண் வாங்கப் போனார். பின்னேரம் ஐந்து மணிக்குப் பேக்கரியில் சுடச்சுட ரோஸ் பாண் போடுவார்கள் என்று போவதும், ஐந்து இருபதுக்குத் திரும்பி வருவதும் வழக்கம். அன்றைக்கு அட்டையைக் குளிர்சாதனப் பெட்டிமேல் மறந்துவிட்டுப் போனார். அதைச் செய்த மனுஷரே அதை மறந்துபோனார். ஆறு மணிக்கு ஜெஸீமாதான் கேற்றடியில் விழுந்து கிடந்த அவரைக் கண்டாள். வித்தியா மெல்பேர்னில் இருந்து வந்து, செத்தவீட்டின் எட்டுச் செலவு முடிந்தபிறகு அந்தப் பதிவேட்டை எனக்கு வாசித்துக் காட்டினாள். ஐந்து இருபது, யாருமில்லை. ஐந்து இருபத்தொன்று, யாருமில்லை. ஐந்து இருபத்துமூன்று, யாருமில்லை. நான் அந்த நேரம் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு, இந்த மனுஷன் யாரோடு கதைத்துக்கொண்டு நிற்கிறார் என்று ஏசிக்கொண்டிருந்தேன். இதை நான் வித்தியாவிடம்கூடச் சொல்லவில்லை. உனக்குத்தான் எழுதுகிறேன்.

இதற்குப் பிறகு நீ என்ன செய்தாய்? ஆட்சேபித்த ஒரே ஒருத்தர் போய்விட்டார் என்று, சித்திரை வருஷப் பிறப்பு முடிந்த கையோடு அந்தத் திருத்தத்தை மறுபடி வெளியே விட்டாய். நான் கோல் எடுத்துக் கேட்டதற்கு, "இப்ப அதை யாரும் பாவிக்கிறதில்லன்னு நினைச்சேன் சித்தி. புது வேர்ஷன் தானாவே உங்க மெஷின்ல இறங்கியிருக்கும்" என்றாய். யாரும் பாவிக்கிறதில்லையா? ஆள் செத்தால் அவர் எழுதின புரோகிராமும் சாகுமா? அந்தியேட்டிக்கு அதற்கும் சேர்த்துத்தான் பிண்டம் போட்டோம் என்று நினைத்தாயா? அது ஒன்பது வருஷமாக ஒரு நாள் லீவு எடுக்காமல் கேற்றைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது, என்னையும் பார்த்துக்கொண்டு இருக்கிறது.

முதல் முறை கூப்பிட்டது ஒரு புதன்கிழமை காலை. நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். "ஞானம், நான்தான். திற." என் கை யோசிக்கவில்லை மகன், அது தன்பாட்டுக்குப் போய் சுவிட்சை அமத்திவிட்டது. பிறகுதான் அவர் போய் ஆறு மாதம் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. கதவடியில் போய் நின்று பார்த்தால், படியில் ஏறி வருகிறவர் கரண்ட் மீட்டர் பார்க்கிற பண்டா. அவரை நான் பார்த்த பார்வையில் அவர் பாதிப் படியிலேயே நின்று, சிங்களத்தில், "ஏன் டீச்சர், போன மாசம் பில் கூடவா வந்திச்சு?" என்று கேட்டார். நான் ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு அதை முழுவதும் குடித்துவிட்டு, மீட்டரைப் பார்க்காமலே இறங்கிப் போனார். அன்றைக்குச் சத்தியம் செய்தேன், இனி அந்தக் குரலுக்குத் திறப்பதில்லை என்று.

அதன் பிறகு அட்டை இல்லாமல் வந்த எல்லாரும் சித்தப்பாதான். தேர்தலுக்கு நோட்டீஸ் கொடுக்க நான்கு கட்சிக்காரர் வந்தார்கள், நான்கு பேரும் சித்தப்பாவாகவே வந்தார்கள். உயிரோடு இருக்கும்போது ஒரு கட்சிக்காரரையும் படி ஏறவிடாத மனுஷர்! தபால்காரர் சித்தப்பாவாக வந்தார். யாரோ காணிக் கேஸ்காரர் வழிமாறிச் சித்தப்பாவாக வந்தார். ஜெஸீமாவின் ஆடு வந்தது. குரங்குக் கூட்டம் வந்த அன்று ஒன்றன்பின் ஒன்றாகப் பதினோரு சித்தப்பா வந்து, "ஞானம், நான்தான். ஞானம், நான்தான்" என்று வீடு முழுக்க ஒரே சத்தம். நான் ஹோலுக்கு நடுவில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டில் எதை முதலில் செய்வது என்று தெரியாமல் விக்கல் எடுத்தது.

பிளக்கைக் கழற்றவேண்டியதுதானே என்று வித்தியாவும் கேட்டாள், நீயும் கேட்பாய். போனேன். சாமான் அறைக்குள் போய் பிளக்கில் கையும் வைத்தேன். அந்த நேரம் பார்த்து அது "ஞானம்" என்றது. பேசிக்கொண்டிருக்கிற மனுஷரின் பிளக்கை எப்படியடா கழற்றுவது? மீதியையும் சொல்லி முடிக்கட்டும் என்று நின்றேன். சொல்லி முடித்தபிறகு கழற்ற மனம் வரவில்லை.

ஜெஸீமா தங்கள் மவ்லவியிடம் போய்க் கேட்டு வந்தாள். "டீச்சர், மனுசருக்கு ஓதலாம், வீட்டுக்கு ஓதலாம், மெஷினுக்கு ஓதின பழக்கம் தனக்கு இல்லன்னு சொல்றாரு" என்றாள். சரி, நம்முடைய பக்கம் பார்ப்போம் என்று அவருக்கு மாதாமாதம் செய்கிற மாசியத்துக்கு வந்த குருக்கள் ஐயாவிடம் சொல்லலாம் என்றிருந்தேன். சொல்லுமுன்பே நடந்துவிட்டது. ஹோலில் தர்ப்பையைப் போட்டு, எள்ளும் தண்ணீரும் விட்டு, கோத்திரம் சொல்லி, "இராஜசிங்கம்" என்று பேரைச் சொல்லி அவர் அழைத்த அந்த நிமிஷம், தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கரில் "ஞானம், நான்தான். திற." ஐயாவின் கையிலிருந்த பிண்டம் தாம்பாளத்தில் விழுந்தது. நான் கேர்னலைப் பற்றி, பூச்சியத்தைப் பற்றி, உன்னைப் பற்றி எல்லாம் விளக்கினேன். அவர் ஒன்றையும் கேட்கவில்லை. "அம்மா, முப்பது வருஷமா கூப்பிடுறேன். கூப்பிட மந்திரம் இருக்கு. வந்துட்டா என்ன சொல்லணும்னு எங்களுக்கு யாரும் படிச்சுக் கொடுக்கல" என்று சொல்லி, பின்பக்கத்தால் ஜெஸீமா வீட்டு வளவுக்குள் இறங்கிப் போய்விட்டார். தட்சணையைக்கூட எடுக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஆடு, குரங்கு, கட்சிக்காரர் எல்லாவற்றுக்கும் உன் விளக்கம் பொருந்துகிறது, நானும் ஏற்றுக்கொள்கிறேன். பொருந்தாதது பின்னேரம் ஐந்து இருபது. ஒவ்வொரு நாளும், ஞாயிறு, போயா லீவு ஒன்றும் பாராமல், ஐந்து இருபதுக்குக் கூப்பிடுகிறது. லொறி போகும்போது கேற் ஆடியிருக்கும் என்று நீ சொன்னாய். சொல்லிவிட்டு மறுநாளே கட்டைவிரல் அனுப்பினாய். நான் போன சனிக்கிழமை ஜெஸீமாவைக் குசினியில் நிறுத்திவிட்டு, குடையை ஊன்றிக்கொண்டு கீழே போய், கேற்றுக்குள் ஒரு முழத் தூரத்தில் நின்றேன். நல்ல வெயில். ஐந்து பத்தொன்பதுக்கு ரோட்டில் லொறிச் சத்தம் நின்றுவிட்டது. லொறி மட்டுமல்ல, பஸ், த்ரீவீல், எதிரே பலகை மில்லின் சத்தம், எல்லாம். A9 ரோட்டில் அப்படி ஒரு அமைதியை நான் கொரோனாக் காலத்தில்கூடக் கேட்டதில்லை. கேற்றை யாரும் தொடவில்லை, காற்றுக்கூடத் தொடவில்லை. தூணில் இருந்த பெட்டியின் சிவப்பு லைட் பற்றியது. எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை. மேலேயிருந்து ஜெஸீமா கத்துகிறாள், "டீச்சர், சார் கூப்புட்டாரு! நீங்கதான நிக்கிறீங்க? வேற யாரும் நிக்கிறாங்களா?" என்று. நான் "இல்லை" என்று சொல்லவேண்டும். முப்பத்தொரு வருஷம் நிறுவல் படிப்பித்தவள். குடையால் முன்னால் துழாவித்தான் பார்த்தேன். சுடு பாண் வாசனை வந்தது, ஆனால் பேக்கரி கிட்டத்தில்தான் இருக்கிறது என்பதால் அதை நான் சாட்சியில் சேர்க்கவில்லை.

அன்றிலிருந்து ஜெஸீமா பின்னேரத்தில் வருவதில்லை. நான் மட்டும் குசினியில் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறேன். அமத்துவதில்லை. திறந்தால் ஒருவரும் வரமாட்டார்கள், அத்தோடு கணக்கு முடிந்துவிடும். திறக்காவிட்டால் அவர் மறுபடியும் வெளியே நிற்கிறார். ஒவ்வொரு நாளும் நான் அவரை மறுபடி மறுபடி வெளியே நிறுத்திவைக்கிறேன் மகன். இப்படி ஒரு பின்னேரத்தை உனக்கு யாராவது கொடுத்தால் நீ கட்டைவிரலா அனுப்புவாய்?

எனக்கும் தர்க்கம் தெரியும். ஆரம்பத்திலிருந்தே பூச்சியம்தான் வந்திருந்தால் சித்தப்பா அதற்கேற்ற மாதிரி எழுதியிருப்பார், அன்றைக்கும் மெஷின் பேசாமல்தான் இருந்திருக்கும். ஆனால் நான்கு வருஷத்துக்கு முன் அவர் அந்த மெயிலை எழுதாமல் விட்டிருந்தால்? நீ அவர் சொல்லைக் கேட்காமல் இருந்திருந்தால்? ஐந்து இருபதுக்கு அட்டையில்லாமல் கேற்றை ஆட்டின மனுஷருக்காக இந்த வீடு "ஞானம், நான்தான். திற" என்று கத்தியிருக்கும். நான் வெங்காயத்தைப் போட்டுவிட்டு ஓடியிருப்பேன். பிழையாகத் திருத்தியிருந்தாலும் அது அன்றைக்குச் சரியாக இருந்திருக்கும். நீ வாக்குக் காப்பாற்றினாய். அதற்காக உன்மேல் எனக்குக் கோபம். பிறகு வாக்கை உடைத்தாய், அதற்காகவும் கோபம். இரண்டும் சேர்ந்து பூச்சியமாகாதா என்று பார்த்தேன், ஆகவில்லை. உங்கள் கேர்னல் எனக்கு இரண்டு தரம் பொய் சொல்லியிருக்கிறது. ஆள் நின்றபோது யாருமில்லை என்றது. ஆள் இல்லாதபோது நிற்கிறார் என்கிறது.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் சட்டப்படி ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமை உடைக்கக் கூடாது, உலகத்தில் ஒரே ஒருத்தர் நம்பியிருந்தாலும் அது வாக்கு. இப்போது அந்த ஒரே ஒருத்தி நான். பழைய பிழையைத் திரும்ப வை. யாருமில்லை என்றால் யாருமில்லை என்றே அது எழுதட்டும், பேசவேண்டாம். உங்கள் பெரியவர்கள் யாராவது தடுத்தால் என் விலாசத்தைக் கொடு, நான்கு பக்கத்துக்குக் குறையாமல் நானும் எழுதுவேன். நீ சொல்லியிருக்கிறாய் என்று டவுனில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கிற இந்திரகுமார் இன்றைக்கு வந்து பார்ப்பதாகச் சொன்னார். வந்தால் வரட்டும். அவர் வருமுன் கடிதத்தை முடித்துவிடவேண்டும் என்றுதான் விறுவிறு என்று எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

நிலக்ஷிக்கு என் அன்பு. பிள்ளைக்குத் தமிழில் எண்ணக் கற்றுக்கொடுங்கள், ஒன்றிலிருந்து. நீ அக்காவுக்கு அடிக்கடி கோல் எடுப்பதில்லை என்று அவள் குறைப்படுகிறாள், அவளையும் கட்டைவிரலோடு விட்டுவிடாதே. நோய் நொடி இல்லாமல், நீண்ட ஆயுளோடு, கைதொட்டதெல்லாம் துலங்க, தொட்டதால் மற்றவர் வீட்டில் எதுவும் உடையாமல் வாழ ஆசீர்வதிக்கும்,

சித்தி,
ஞானாம்பிகை இராஜசிங்கம்.

பி.கு.: மேலே எழுதின எல்லாவற்றையும் வாபஸ் வாங்குகிறேன். கிழித்துப்போட நேரமில்லை. இந்திரகுமார் மூன்று மணிக்கு வந்து, சாமான் அறையில் அரை மணித்தியாலம் இருந்தார். வெளியே வந்தபோது அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. "டீச்சர், சஜீவன் சொன்ன புது வேர்ஷன் இதுல ஏறவே இல்ல. நாலு வருஷத்துக்கு முன்னமே சார் இதைப் பூட்டி வச்சிருக்காரு, அவரக் கேக்காம கேர்னல் தானா மாறாது. இப்ப ஓடுறது அந்தப் பழசுதான், அந்த மைனஸ் வன்தான்" என்றார். அப்படியானால் அது ஏன் பேசுகிறது என்று கேட்டேன். பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். பண்டா வந்த நாள், கட்சிக்காரர் வந்த நாள், குரங்கு வந்த நாள், எல்லாவற்றுக்கும் நேராக "யாருமில்லை" என்றுதான் எழுதியிருக்கிறது. ஐந்து இருபதுக்கு ஒரு நாளும் ஒரு வரியும் இல்லை. "இது பேசலையே டீச்சர்" என்றார். விரும்பினால் புதியதைப் பத்து நிமிஷத்தில் ஏற்றிவிடலாம் என்றும் சொன்னார். வேண்டாம் என்றேன். தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார். ஆகவே உன்மேல் ஒரு குற்றமும் இல்லை மகன், அங்கே எதையும் திருத்தவும் வேண்டாம், திரும்ப வைக்கவும் வேண்டாம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஐந்து இருபதுக்குச் சித்தப்பா கூப்பிட்டார். நான் எழுந்து போய் சுவிட்சை அமத்திவிட்டு வந்தேன். கேற் திறந்த சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து, மூடின சத்தமும் கேட்டது. குரங்கு கேற்றைத் திறக்கும், மூடாது. படி ஏறி வர அவருக்கு எப்படியும் ஐந்து நிமிஷமாகும், அதற்குள் இதை ஒட்டிவிடுகிறேன்.